அக்காவின் நாலாம் நாள்

எனக்கு ஏற்றம் என்றாலே ஆகாது. முட்டி வலி ஒரு காரணம். இன்னொன்று, 'நான் மேலே போய்க்கொண்டிருக்கிறேன்' என்று முகத்தை வைத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவளைப் பிடித்து மலைமேல் செண்பகனூர் தாண்டி ஒரு தியான இல்லத்துக்குப் பொறுப்பாளராக உட்கார வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வேலையில் முன்னதாகவே ஓய்வு வாங்கிய கையோடு, வீட்டில் சும்மா உட்கார்ந்து யாரோடு சண்டை போடுவது என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இன்னும் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வகுப்பறையில் பழகிய தொண்டை வேறு, குறையவே மாட்டேன் என்கிறது. நான் போனில் பேசினால் கீழே அடுக்கம் ஊர் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

எங்கள் இல்லம் எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. இருபது அறை, ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் வந்து மௌனமாக இருந்துவிட்டுப் போகலாம். கன்னியாஸ்திரிகள் எட்டு நாள் வருவார்கள். பழனியிலிருந்து மூச்சை மேலே ஏற்றுகிறவர்கள் வருவார்கள். பெரியகுளம் பக்கத்திலிருந்து பாய்மார்கள் வந்து இறைவன் பெயரைச் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். வட்டக்கானலில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள், புத்தர் சொன்ன வழி என்று பத்து நாள் கண்ணை மூடி உட்காருவார்கள்.

கூடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பலகை. யார் வந்தாலும் முதல் நாள் காலையில் அதில் மனசு ஏற வேண்டிய படிதான் வரைவார்கள். சிலருக்கு மூன்று படி, சிலருக்கு நாலு, பழனிக்காரர்களுக்கு முதுகுத்தண்டில் ஆறு. அடியில் ஒரு குச்சி மனிதன் நிற்பான், உச்சியில் ஒரு சூரியன் இருக்கும். அவர்கள் போனதும் துடைப்பது என் வேலை. ஒரு தடவை துடைக்க மறந்துவிட்டேன். பாய்மார்கள் வரைந்து வைத்திருந்த நாலாவது படிக்கு மேலேயே கன்னியாஸ்திரிகள் தங்கள் முதல் படியை ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு நாளும் அது அப்படியே இருந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் சமையற்கட்டு அக்கா ஒருவர்தான். "என்னா டீச்சர், பாய் ஏறின எடத்துலருந்து சிஸ்டர் ஏறுறாங்க. நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில் புருஷனோடு கப்பலேறி வந்து, இந்த மலையில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். கேரட் காட்டிலும் பீன்ஸ் காட்டிலும் கூலி வேலை பார்த்துவிட்டு, புருஷன் போன பிறகு இங்கே அடுப்படிக்கு வந்தார். இருபத்திரண்டு வருடம். டீயை இன்னமும் தேத்தண்ணி என்பார், அறையைக் காம்பரா என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தட்டைப் படிப்பார்.

மௌன நாட்களில் யாரும் வாய் திறக்கக்கூடாது அல்லவா? சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தட்டோடு சமையற்கட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சீட்டை நான் படிப்பேன், தட்டை அக்கா படிப்பார். அக்காவின் கணக்கு இதுதான்:

"மொத நாளு எல்லாத் தட்டும் வழிச்சு நக்கின மாதிரி வரும் டீச்சர். அது மரியாதைக்குச் சாப்புடுறது. ரெண்டாம் நாளு பாதி மிஞ்சும், வீட்டு நெனப்பு வந்துரும். மூணாம் நாளு சீட்டு வரும் பாருங்க, உப்பு ஜாஸ்தி, படுக்குற பாய் சரியில்ல, பக்கத்துக் காம்பரால கொறட்டைன்னு. நாலாம் நாளு தட்டு அப்புடியே திரும்பி வரும். அன்னைக்கு அழுவாங்க. எந்தச் சாமியக் கும்புட்டாலும் நாலாம் நாளு அழுவாங்க. அஞ்சாம் நாளு ரெண்டு தடவ சோறு வாங்குவாங்க. அப்பறம் தட்டக் கழுவுறதே வேற மாதிரி இருக்கும். கடைசி நாளு யாரு பக்கத்தாளு தட்டையும் சேத்துக் கழுவுறாங்களோ, அவங்க ஏறிட்டாங்க."

நான் நம்பவில்லை. ஒன்பது வருடம் நோட்டமிட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் சீட்டு அச்சுப் பிசகாமல் வந்தது. 'சாம்பாரில் பெருங்காயத்தால் என் தியானம் கலைகிறது.' 'என் ஜன்னலுக்கு வெளியே காட்டுமாடு மூச்சு விடுகிறது, தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்.' நடவடிக்கையாம்! நான் என்ன காட்டுமாட்டை ஹெட்மாஸ்டர் ரூமுக்கா கூட்டிப் போவேன்? ஆனால் நாலாம் நாள் அப்படி எழுதினவரே கொய்யா மரத்தடியில் போய் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுவார். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மறுநாளைக்கு அரிசியைக் கூட ஒரு படி அளந்து போடுவார்.

போன வருடம் மழை பிடிக்கும் நேரத்தில், அக்கா வேலையை விட்டு நிற்பதாகச் சொன்னார். மகன் திருப்பூரில் இருக்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மருமகள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. எனக்கு அவரை விட மனசில்லை. காட்டிக்கொள்ளாமல், "நல்லதாப் போச்சு, அந்தப் பெருங்காயத்துக்கு ஒரு விடிவு" என்றேன். பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்க்கா? பட்டுச் சேலை எடுத்துத் தரவா?" என்று கேட்டேன்.

"சேலயெல்லாம் வேணாம் டீச்சர். எட்டு நாளு நானும் உள்ள உக்காரணும்."

"எங்க?"

"அவங்களோடதான். கூடத்துல."

"அப்ப அடுப்படியில யாரு?"

"நீங்கதான்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை வருசம் ஊரையே ஏத்தி விட்டாச்சு, இப்ப நாமளும் ஏறுவோம்னு கெளம்பிட்டீங்களாக்கும்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. வெங்காயக் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்து, அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

கப்பலேறுவதற்கு முன் அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. நாற்பது நாள் பிள்ளை. காய்ச்சலில் போய்விட்டது. சாயங்காலம், தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே, தேயிலைக்குப் பின்னால் புதைத்தார்கள். விடியற்காலை லாரி வந்துவிட்டது. இந்தியாவுக்குப் போக எல்லாருக்கும் நாள் குறித்துச் சீட்டுக் கொடுத்திருந்ததால் நிற்க முடியாது. ஏறிவிட்டார்கள்.

"ரயிலு, கப்பலு, மண்டபத்துல கேம்பு, அப்பறம் இந்த மலை. எங்க டீச்சர் அழுவுறது? அழுவலாம்னு நெனைக்கிறப்பல்லாம் ஒரு சோலி வந்துரும். அப்புடியே நாப்பத்து நாலு வருசம் போயிருச்சு. போன மாசம் திருப்பூருக்குப் போனனா, பேத்திய மடியில வச்சாங்க. கை ரெண்டும் வெடவெடன்னு நடுங்கிப்போச்சு. 'தலை சுத்துது, இந்தாப் புடி'ன்னு மருமககிட்டக் குடுத்துட்டு எந்திரிச்சுட்டேன். அந்தப் புள்ளயத் தூக்கணும்னா இத எறக்கி வைக்கணும்ல? இங்க வாற எல்லாத்துக்கும் நாலாம் நாளு வருது. எனக்குத்தான் வரவே இல்ல."

"சரிக்கா, உக்காருங்க" என்றேன். அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு உப்புமாவே ஒழுங்காக வராது.

மழைக் காலத்தில் வருடம் ஒரு முறை நடக்கும் மௌனம் ஒன்று உண்டு. மூன்று பேர் சேர்ந்து நடத்துவார்கள், மூவரும் பழைய சிநேகிதர்கள். ஒருவர் வயதான ஃபாதர். ஒருவர் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்ட பெரியவர். மூன்றாவது, கீழே ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய். எந்த மதத்தார் வேண்டுமானாலும் வரலாம். அந்தத் தடவை வந்தவர்கள் பதினோரு பேர். அக்காவோடு பன்னிரண்டு.

முதல் நாள் காலை, மௌனம் தொடங்குவதற்கு முன்பு, மூவரும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் படி வரைந்தார்கள். முதலில் அழுக்குப் போக வேண்டும், அப்புறம் வெளிச்சம், கடைசியில் ஒன்றாதல் என்று மூன்று படி போட்டார் ஃபாதர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு போட்டார் பெரியவர். பாயும் நாலுதான் போட்டார்: ஷரீஅத், தரீக்கத், ஹகீகத், மஃரிபத். இறைவன் விதித்தபடி நடப்பதில் தொடங்கி, அவனை அறிவதில் முடியும் என்று விளக்கினார். சந்தேகம் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள், இனி எட்டு நாள் பேச்சில்லை என்றார்கள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா கையைத் தூக்கினார். "கைப்புள்ள எப்புடிங்க ஏறும்? நாப்பது நாளுப் புள்ளைக்குப் படியும் தெரியாது, சாமியும் தெரியாதே" என்றார்.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கைப்புள்ளைய யாரும்மா ஏறச் சொல்றா? பழனி மலைக்குக் கைப்புள்ளைய எப்புடிக் கொண்டு போறாக? இடுப்புல தூக்கிட்டுத்தான் போவாக. அங்கயும் அப்புடித்தான்."

பாய், "எனக்கு என்ன தோணுதுன்னா, அது இன்னும் இறைவன்கிட்டருந்து எறங்கியே வரல்லம்மா. எறங்கினவங்களுக்குத்தான் ஏற்றம்" என்றார்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியலம்மா" என்றார் கடைசியில். சொல்கிறேன், அன்றைக்குத்தான் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மௌனம் தொடங்கியது. என் சமையலும் தொடங்கியது.

முதல் நாள் ரசம் கொதித்துக் கொதித்து முக்கால்வாசி ஆவியாகிவிட்டது. இருந்தாலும் அக்காவின் தட்டு பளிச்சென்று காலியாக வந்தது. மரியாதை! இரண்டாம் நாள் பருப்பு அடிப்பிடித்தது. நான் அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், தெரியவில்லை. கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. விறுவிறுவென்று வந்தார், கேஸைக் குறைத்தார், பருப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார், என்னை ஒரு பார்வை பார்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஏக்கா, இதென்ன தியானமா, மோப்பமா?" என்று பின்னாலேயே கத்தினேன். கூடத்தில் பன்னிரண்டு பேருக்கும் கேட்டிருக்கும். அன்று அவர் தட்டில் பாதி மிஞ்சியிருந்தது. வீட்டு நினைப்பா, என் பருப்பா, யார் கண்டது?

மூன்றாம் நாள் சீட்டு மழை. எட்டுச் சீட்டு, எல்லாம் என் சமையலைப் பற்றி. அக்காவுக்கு எழுதத் தெரியாதே, அவர் என்ன செய்தார் தெரியுமா? தட்டின் நடுவில் ஒரு சின்னக் கல்லை வைத்து அனுப்பியிருந்தார். சோற்றில் கல்! வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் விரல் விட்டு எண்ணினேன். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது, நாளைக்கு அவருக்கு நாலாம் நாள். வராவிட்டால்? நாற்பத்து நாலு வருடம் வராதது ஒரு காலண்டரைப் பார்த்தா வந்துவிடும்? அப்புறம் எந்தக் கையால் அந்தப் பேத்தியைத் தூக்குவார்? நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பலகையில் இருந்த மூன்று படிக்கட்டையும் பார்த்து, 'யாராவது ஒரு ஆள் பாருங்களேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கூடத்தைப் பூட்டினேன்.

நாலாம் நாள் மத்தியானம் அக்காவின் தட்டு போட்டது போட்டபடி திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு. எழுத்து இல்லை, படம். பென்சிலால் ஒரு டம்ளர். டம்ளருக்குக் கீழே மூன்று சொட்டு. ஓரத்தில், எங்கள் பால் பாக்கெட்டில் இருக்கும் பசு மாட்டை அரைகுறையாக வரைந்திருந்தார்.

பால் கேட்கிறார் என்று புரிந்தது. சொட்டு எதற்கு? ஆவி வரைய வேண்டியதை மேலே வரையாமல் கீழே வரைந்துவிட்டார், சூடாகக் கேட்கிறார் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வாய் சாப்பிடவில்லையே, வெறும் பால் என்ன தெம்பு தரும்? நன்றாகச் சுண்டக் காய்ச்சி, இரண்டு கரண்டி சீனி போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு, நுரை வர ஆற்றினேன். இந்த நாலு நாளில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அவர் அறை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. போய்ப் பார்த்தால் டம்ளரும் இல்லை, ஆளும் இல்லை. பின்பக்கம் போனேன். கொய்யா மரத்துக்கு மேலே சரிவில், பிளம்ஸ் மரத்தடியில், ஈர மண்ணில் அக்கா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் காலி டம்ளர். மண்ணில் வெள்ளையாக ஒரு ஈரம். அக்கா இரண்டு கையாலும் மாரை அணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுதுகொண்டிருந்தார். சத்தம் பெரிதாக இல்லை. நாற்பத்து நாலு வருடத்து அழுகை அவ்வளவு மெல்லிசாகவா வரும் என்று எனக்குத் தோன்றியது. முட்டி வலியோடு ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மௌனத்தைக் காக்க வேண்டிய பொறுப்பாளர் நான். "அக்கா" என்றேன்.

"பால் தெளிக்கல டீச்சர்" என்றார் அக்கா.

புதைத்த மறுநாள் போய், அந்த மண்ணில் பால் ஊற்றி வர வேண்டும். எங்கள் பக்கமும் உள்ள வழக்கம்தான். கைப்பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம் என்பார்கள் சிலர். அவர்கள் லயத்தில் கைப்பிள்ளைக்கும் ஊற்றுவார்களாம். அந்த மறுநாள்தான் லாரி வந்த நாள்.

"பாலு இல்லாம இல்ல டீச்சர். ரயிலு பூரா மாருல கட்டிக்கிட்டு, வலி உசுரு போவுது, ரவிக்கையெல்லாம் நனைஞ்சு ஊத்துது. அதுக்குன்னு சொரந்த பாலு. தூக்கிட்டுப் போவாங்கன்னு பெரியவர் சொன்னாரே, அதத் தூக்க வேண்டியவ நானு, ஒரு வாய்ப் பாலுகூட ஊத்தாம லாரில ஏறிட்டேனே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே மண்டையில் ஏதோ இடித்தது. மண்ணில் எறும்பு சாரை சாரையாக ஏற ஆரம்பித்திருந்தது.

"ஐயையோ, அக்கா! அதுல சீனி போட்டுட்டேனே! ஏலக்காய் வேற தட்டிப் போட்டேன். நீங்க குடிக்கத்தான் கேட்டீங்கன்னு... கெடுத்துட்டேனேக்கா!"

அக்கா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார். பிறகு அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து.

"போட்டா என்னா டீச்சர். அது சீனிப் பாலு குடிச்சதே இல்ல. இன்னைக்கிக் குடிக்கட்டும்."

அதற்கப்புறம் அவர் என் தோளில் சாய்ந்து அழுத அழுகையை, ஜன்னலில் நின்ற பதினோரு பேரும் பார்த்தார்கள். மூன்று பேர் படி வரைந்தார்களே, அவர்களும் நின்றார்கள்.

ஐந்தாம் நாள் அக்கா இரண்டு தடவை சோறு வாங்கினார், என் சமையலுக்கு. எட்டாம் நாள் பன்னிரண்டு தட்டையும் கழுவப் போனார். அதைத்தானே இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார், அதை வைத்து அவரை எப்படி அளப்பது? "உக்காருங்க பேசாம" என்று அவர் தட்டைப் பிடுங்கி நான் கழுவினேன். தடவிப் பார்த்துவிட்டு, "பிசுக்குப் போவல டீச்சர், இன்னொருக்கா வெளக்குங்க" என்றார். மறுபடியும் விளக்கினேன்.

திருப்பூருக்குப் போய் இரண்டு வாரம் ஆகியும் போன் இல்லை. எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பயம். கை நடுங்கியிருக்குமோ? ஒரு நாள் காலையில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். எடுத்ததும் என் வழக்கமான தொண்டையில், "என்னக்கா, போனதும் மறந்தாச்சா? பேத்தி எப்படி இருக்கா? தூக்குனீங்களா இல்லையா?" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் அக்காவின் குரல் காற்று மாதிரி வந்தது.

"மெதுவாப் பேசுங்க டீச்சர். மடியில தூங்குறா."

நான் மெதுவாகப் பேசினேன்.